மணவறையில் நின்ற வாட்ச்

என் மனைவி வீட்டாரோடு சண்டை போடவே முடியாது. அவ்வளவு மரியாதை. கழுத்தை அறுப்பதென்றாலும் 'கொஞ்சம் தலையைத் தூக்குங்க' என்று கேட்டுக்கொண்டுதான் அறுப்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில், என் மச்சினன் கல்யாணத்தை ஒட்டி, அப்படித்தான் என் வாட்ச்சைக் கொன்றார்கள். இத்தனை வருஷமாகியும் எனக்கு ஆறவில்லை.

அப்போது கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் ஸ்டோர்ஸில் எனக்கு வேலை. ஊரே பேட்டரி வாட்ச்சுக்கு மாறிக்கொண்டிருந்தது. நானோ சாவி கொடுக்கிற பழைய வாட்ச்சுகளைத் தேடி, காந்திபுரத்து லாட்ஜ்களுக்குக் கீழே இருக்கும் ரிப்பேர் கடைகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் தவம் கிடப்பேன். மாமனார் வீட்டில் இதற்குப் பெயர் பழைய இரும்பு. போகும்போதெல்லாம் மாமனார் கேட்பார்: "ஏனுங்க மாப்ள, இருக்கறது ஒரு கையி. எத்தன வாட்ச்சுங்க கட்டுவீங்க?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு எரியும்.

என்னிடம் இருந்தவற்றில் ஒன்றுதான் உண்மையிலேயே உயர்ந்தது. வால்பாறையில் எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய சுவிஸ் வாட்ச். அதற்காக அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஜன்னல் வழியாக எத்தனை முறை வாந்தி எடுத்திருப்பேனோ தெரியாது. வெள்ளை டயல் நாள்பட்டு, ஏடு படிந்த பாலின் நிறத்துக்கு வந்திருந்தது. நொடிமுள் நடுவில் கிடையாது. ஆறாம் எண்ணுக்கு மேலே தனியாக ஒரு சின்ன வட்டத்துக்குள் சுற்றும். பின்மூடியைத் திறந்தால் ஒரு சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே சோறு ஆறிப்போனது உண்டு. யாரும் டயலுக்குப் பெயிண்ட் அடிக்காத, யாரும் பாகம் மாற்றாத வாட்ச். அதற்காகத்தான் அதன் மேல் அவ்வளவு பித்து.

மச்சினன் கல்யாணத்துக்கு அதைக் கட்டிக்கொள்ளட்டும் என்று கேட்டவள் என் மனைவி. மனமில்லாமல்தான் கொடுத்தேன். தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும் என்று அவனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "சரிங்க மச்சான்" என்றான். எங்கள் பக்கம் 'சரிங்க' என்றால் காதில் விழுந்தது என்று அர்த்தம். செய்வார்கள் என்று அர்த்தமில்லை.

முகூர்த்தத்தில், சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரர் மாப்பிள்ளையின் கையையும் பெண்ணின் கையையும் கோத்துப் பிடித்தார். பிடித்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "மாப்ள, கடியாரம் நின்னுபோச்சுங்களே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் முன்வரிசைப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெண்டு திருகு திருகினால் ஓடிவிடும். அதற்காக நான் மணவறையில் ஏறி, கைகோர்வைக்கு நடுவே மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடிக்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விருந்தெல்லாம் ஓய்ந்தபின் மச்சினன் புது மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்து, வாட்ச்சை வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினான். "பேட்டரி மிஷினு போட்டுட்டேனுங்க மச்சான். இனி நிக்கவே நிக்காதுங்க." பார்த்தேன். நடுவில் புதிதாக ஒரு சிவப்பு நொடிமுள் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தது. கீழே அந்தச் சின்ன வட்டம் முள்ளே இல்லாமல் காலியாகக் கிடந்தது. அந்தப் பெண் சிரித்த முகத்தோடு நின்றாள். அவள் எதிரே வாய் திறக்க முடியவில்லை. அவன் நாசமாய்ப் போக என்று மனசுக்குள் வைதேன்.

மறுநாளே காந்திபுரம் ஓடினேன். நான் வழக்கமாகப் போகும் கடையில்தான் மாற்றியிருந்தார்கள். திறந்து காட்டச் சொன்னேன். டயலை மிஷினோடு பொருத்திப் பிடிக்கும் பின்பக்க ஊன்றுகால்களை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் வளையத்தில் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். பழைய மிஷின் எங்கே என்று கத்தினேன்.

"பிரிச்சு வேற வாட்ச்சுகளுக்குப் போட்டாச்சுங்க" என்றார் கடைக்காரர். "நல்ல மிஷினுதானுங்க. ரெண்டு திருகு திருகுனேன், ஓடுச்சு. மாத்த வேண்டாம்னு நாஞ் சொன்னேனுங்க. கூட வந்த அம்மாதான் மாத்தியே ஆகோணும்னு நின்னாங்க."

"எந்த அம்மா?"

"உங்க ஊட்டம்மாதானுங்க."

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். யாராவது காலை மிதித்திருந்தால் அடித்திருப்பேன். மனைவி அடுப்படியில் இருந்தாள். கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"ஆமாங்க, நாந்தான் மாத்தச் சொன்னேன்."

"நல்ல மிஷின்னு தெரிஞ்சுமா?"

"தெரியாம என்னங்க. நீங்க வெளியூரு போறப்பவெல்லாம் அத்தனைக்கும் சாவி குடுக்கறது ஆருங்க?" தாளித்துக்கொண்டே பேசினாள். "அந்தப் புள்ள ஊட்டுக்குள்ள கால் வெக்கறதுக்கு முந்தியே, ராசியில்லாதவ, அவ கை பட்டுத்தான் கடியாரம் நின்னுதுன்னு ஆரம்பிச்சுட்டாங்க. இவன் சாவி குடுக்க மறந்துட்டான்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். எங்கம்மாகூட நம்பல. மிஷினே கெட்டுப்போச்சு, கடைக்காரரு தூக்கி வீசிப்போட்டாருன்னு புது மிஷினக் கண்ணுல காட்டிச் சொன்னபொறகுதான் வாய மூடுனாங்க."

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கேட்டா உட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். ஊரே கூடி அந்தப் பெண்ணை என்ன பேசினாலும், அந்த மிஷினில் கைவைக்க விட்டிருக்க மாட்டேன். என்னைக் கேட்காமலே என் பதிலை அவள் சரியாகத் தெரிந்துவைத்திருந்தாள். வாட்ச் போனதைவிட அதுதான் இன்றுவரை எனக்கு ஆத்திரம்.