இடம் கிடைக்காத கார்ட்

பேய், பிசாசு எண்டு ஆரும் கதைச்சால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். வருசக்கணக்காக் கம்ப்யூட்டர் திருத்திறவன் நான். அதாலதான் இதை இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்ல.

துறைமுகத்தடியில மீனவர் சங்கக் கந்தோர் ஒண்டு. அண்டைக்கு ரெண்டு நாளுக்கு முந்தி இடிச்ச இடியில அங்கத்தைக் கம்ப்யூட்டரின்ர நெட்வேர்க் கார்ட் செத்துப்போச்சு. ஆழ்கடலுக்குப் போன படகுகளோட கதைக்கிறது, எங்க நிக்குதுகள் எண்டு பாக்கிறது, எல்லாம் அதுக்குள்ளாலதான். அந்தக் கம்ப்யூட்டரைப் பாத்துக்கொண்டிருந்த மனுசன் நெஞ்சுவலியில செத்து இருவது நாள். இப்ப அவற்ற கதிரையில அவற்ற பெஞ்சாதி. அவவின்ர தம்பி ஒரு மாசமாக் கடலில. காத்து எழும்பப்போகுது எண்டு அறிவிச்சாச்சு.

உப்புவெளியில இருந்து புது நெட்வேர்க் கார்ட்டோட சைக்கிளில ஓடி வந்து பூட்டினனான். கம்ப்யூட்டரில ஓடுற லினக்ஸ் கார்ட்டைக் காட்டுது. பேர் இருக்கு, இலக்கம் இருக்கு. நினைவகத்தில இடம்தான் ஒதுக்கேல்ல. இடமில்லாட்டி அது வெறும் தகரம். வேற துளையில பூட்டினன். இடத்தைத் திரும்பப் பங்கிடச் சொல்லி எழுதி, கம்ப்யூட்டரை மூண்டு தரம் நிப்பாட்டி எழுப்பினன். சனியன், அசையேல்ல. இடத்தைப் பிடிச்சுக்கொண்டிருந்தது பெரிய வீடியோ கார்ட் ஒண்டு. காலநிலைப் படம் பாக்க எண்டு செத்த மனுசன் பூட்டினது.

“இதைக் கழட்டோணும் தங்கச்சி.”

“அவற்ற முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடியேல்லையே அண்ணை. அதுக்கு முன்னம் அவற்ற சாமானில கை வைக்கக் கூடாது.”

“உங்கட தம்பி கடலில நிக்கிறான்!” எண்டு கத்திப்போட்டன்.

நான் கரண்டை நிப்பாட்ட, அவ தானே குனிஞ்சு பிடுங்கி என்ர கையில தந்தா. கத்தினதுக்கு எனக்கே வெக்கமாப் போச்சு.

திரும்ப எழுப்பினன். புதுக் கார்ட்டுக்கு இடம் கிடைச்சிட்டுது. கொஞ்ச நேரத்தில திரையில தம்பியின்ர படகு வந்தது. துறைமுக வாசலுக்குக் கிட்ட நிக்குது. அவ மைக்கைப் பிடிச்சுக் கூப்பிட்டா.

“என்னக்கா பதறுறீங்கள்? நேற்று அத்தான் கூப்பிட்டு, காத்து வருது, உடன திரும்படா எண்டவர். அதான் ஓடி வாறம்.”

நேற்று அந்தக் கம்ப்யூட்டருக்கு வெளித்தொடர்பே இல்லை. அந்த அத்தானும் செத்து இருவது நாள்.

கடலில நிக்கிறவனுக்கு நாங்கள் சாவு சொல்லுறேல்ல. கரைக்கு வந்த பிறகுதான். அவனுக்கு இன்னும் ஒண்டும் தெரியாது.

“அக்கா, அத்தானிட்டக் குடுங்கோவன்.”

அவ என்ர கையில இருந்த அவற்ற வீடியோ கார்ட்டைப் பாத்தா.

“இப்பதான்ரா எழும்பிப் போனவர்,” எண்டா. “நீ வா.”