மோகனம் எந்த ஊர்?

நீ சிரி மச்சாள், நல்லாகச் சிரி. அன்றைக்கு ஆமி முகாமில் நான் பாடியதை நினைத்தால் இன்றைக்கு எனக்கே சிரிப்பு வருகிறது.

உன் அண்ணருக்குச் சரித்திரம் என்றால் சோறும் வேண்டாம். நெல்லு மில்லில் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டும் ஒல்லாந்தர் கோட்டையைப் பற்றித்தான் பேசுவார். புத்தகம் ஒரு அலுமாரி நிறைய இருந்தது. கடல் பொங்கி ஊருக்குள் வந்த காலையில் அலுமாரியோடு வீடும் போனது. வாவிக்கரைப் பக்கம் வந்து குடியேறிய பிறகு மனிசன் வாய் திறக்கவில்லை. வாசிக்க ஒன்றுமில்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுகா, கொஞ்ச நாள் கழித்து, என் தம்பி ஒரு பழைய டிவி கொண்டுவந்து வைத்தான். சனிக்கிழமை பின்னேரம் உளவாளி நாடகம் வரும். வெள்ளைக்காரர் சண்டைக் காலத்துக் கதை, ஆனால் தமிழில் பேசுவார்கள். அதைப் பார்த்த அன்றுதான் அவர் முகம் தெளிந்தது. எழுத ஒரு கொப்பி வாங்கினார். யார் எந்தக் கள்ளப் பெயரில் போனான், எந்தப் பாலத்தடியில் யாரைச் சந்தித்தான், எல்லாவற்றையும் படம் கீறி எழுதுவார். "உண்மையில இப்பிடி நடக்கல்ல புள்ள, இது பிழை" என்று அதையும் எழுதுவார். நாடகத்தில் பிடில் வாசித்தால் ஓரத்தில் ராகத்தின் பெயர் விழும். காலையில் ரேடியோக் கச்சேரி கேட்டு ஊறிய காது அது. வெள்ளைக்காரனுடைய பிடிலும் அவருக்கு மோகனம், பைரவிதான். நானும் பக்கத்தில் இருப்பேன். எனக்கு எழுத்துத் தெரியாது, என்றாலும் ஒரு காட்சி தப்பாது.

இங்கே நம் சண்டை முடிகிற மாதங்களில் ஒரு நாள் ஆமி சுற்றிவளைப்பு, வீடு வீடாகத் தேடினார்கள். தலையணைக்குக் கீழே கொப்பி அகப்பட்டது. பாலம், படம், கள்ளப் பெயர்! அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை, நீ அறியாததா? முகாம் வாசலில் இரண்டு நாள் மண்ணில் கிடந்தேன். மூன்றாம் நாள் தமிழ் தெரிந்த ஆமிக்காரர் ஒருவர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கொப்பியைத் தட்டினார்.

"மோகனம் ஆரு? எந்த ஊர்?"

"அது ஆளில்ல ஐயா, ராகம்."

"பைரவி?"

"அதுவும் ராகந்தான் ஐயா."

"உன்ட புருசன் சொன்னதையே நீயும் சொல்றாய். அப்ப பாடு பாப்பம்."

சமைக்கும்போது குசினியில்கூட வாய்விட்டுப் பாடாதவள் நான். அவரோடு ரேடியோவில் கேட்ட மோகனத்தை எடுத்தேன். நிறுத்தினால் என் மனிசன் எனக்கில்லை என்பது மட்டும் தெரிந்தது. பாட்டுக்கு நடுவே கதையையும் சொன்னேன்: பிடில் கேட்டதும் தாடிக்காரன் பாலத்தடிக்கு வருவான், பாண் ரொட்டிக்குள் கடிதத்தை ஒளிப்பான், பிறகு அதை எடுக்க ஒரு பொம்பிளை வருவாள். அந்த ஆமிக்காரர் கொப்பியில் விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"மறுகா? அவள் அவனக் காட்டிக் குடுத்தாளா?"

"அது இந்தச் சனிக்கிழமதான் தெரியும் ஐயா."

அன்று பின்னேரமே உன் அண்ணரை விட்டார்கள். கொப்பியைத் தரவில்லை. அவருடைய வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது.

இப்போது வேறொரு உளவாளி நாடகம் போகிறது. அவர் எழுதுவதில்லை, பேனாவைத் தொடுவதுமில்லை. "போன கிழம எங்க விட்டவன் புள்ள?" என்று என்னைக் கேட்பார். எழுத்தறியாத நான் ஆள், பாலம், ராகம் எல்லாம் பிசகாமல் ஒப்புவிப்பேன். நேற்று வேண்டுமென்றே ஒரு ராகத்தை மாற்றிச் சொன்னேன். "பிழை!" என்று சத்தம் போட்டாரே, அந்தச் சத்தத்துக்காகத்தான் மச்சாள்.

ஐயோ, தூறுது! அவிச்ச நெல்லு பாயில கிடக்கு. எழும்பு கா, அந்தத் தொங்கலப் பிடி.