கைப்பையில் இருந்த மாத்திரைகள்

என் தங்கை மூன்று மாதக் கர்ப்பமாக இருந்தபோது அவள் புருஷன் வீட்டைவிட்டுப் போய்விட்டான். கருவைக் கலைத்துவிடலாம் என்றாள். கிள்ளானிலிருந்து ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். பெயரையும் ஐசி அடையாள அட்டை எண்ணையும் வாங்கி எழுதிக்கொண்டார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "வேணாம்க்கா, நானே பெத்து வளக்கறேன்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

ஆனாலும் அங்கே எழுதியது எழுதியதுதானே என்று எனக்குப் பயம்.

நான் ஒரு பள்ளிக் கேன்டீனில் வேலை செய்கிறேன். குழந்தை இறந்து பிறந்ததற்காக ஒரு பெண்ணைப் போலீஸ் பிடித்துப் போனதாகப் பேப்பரில் வந்த அன்று அங்கே பெரிய வாக்குவாதம்.

"பிடிக்கணும்லா! வயித்துல இருந்தா உயிரில்லையா?" என்றார் தோசை சுடும் அக்கா.

"அப்ப ஓடிப்போனவனுக்கு? மாலை போட்டு ஆரத்தி எடுப்பியா?" என்றாள் பாத்திரம் கழுவுகிறவள். "தானா கலைஞ்சாலும் இனி பொம்பளதான் போலீஸுக்குப் பதில் சொல்லணும் போல."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

ஐந்தாம் மாதம் ஒரு மதியம், தங்கை குளியலறையில் கத்தினாள். தரையெல்லாம் ரத்தம். பக்கத்து வீட்டு அங்கிள் கார் எடுக்க ஓடினார். அந்த இடைவெளியில் நான் அவள் கைப்பையைத் திறந்து பார்த்தேன். சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் மூன்று விதமான மாத்திரைகள். பெயர் ஒன்றும் புரியவில்லை. அப்படியே எடுத்துப் பின்பக்கச் சாக்கடையில் வீசிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில், குழந்தை உயிரோடு இல்லை என்றார்கள். என்ன மருந்து சாப்பிட்டாள் என்று டாக்டர் மலாயில் கேட்டார். ஒன்றும் இல்லை என்று நான் முந்திக்கொண்டேன்.

"இருக்கு டாக்டர், பையில இருக்கு" என்றாள் தங்கை.

பையில் இல்லை. டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. காப்பாற்றப் போய் நானே அவளை மாட்டிவிட்டேனே!

பையின் அடியில் அரசாங்க கிளினிக்கின் கர்ப்பப் புத்தகம் இருந்தது. நர்ஸ் மிஸி, தமிழ்ப் பெண்தான், அதைப் புரட்டிப் பார்த்தார். டாக்டரிடம் மலாயில் சொல்லிவிட்டு எங்களிடம், "ரத்தம் ஊற, சத்துக்கு. எல்லாம் கிளினிக்ல குடுத்த மாத்திரைதான்" என்றார். டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

தங்கை என்னையே பார்த்தாள். "நீதான் தூக்கிப் போட்டியா?"

"போலீஸ் வந்துட்டா என்ன பண்றதுன்னு..."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நான் எதையோ முழுங்கிட்டேன்னு முடிவே பண்ணிட்டியா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும்.

மிஸி ஒரு தாளோடு திரும்பி வந்தார். போலீஸ் தாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"அக்கா கூட வரட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம் மிஸி. நானே போறேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். பின்னால் போக எனக்குத் துணிவில்லை.