காற்றில் வாழ்ந்த செடி

ஒரு காவலாளி ஆசையாக வளர்த்த செடியைக் கொன்றவன் நான். எண்ணூரில் எங்கள் தொழிற்சாலை வாசலில், தூங்குமூஞ்சி மரக்கிளையில் அது ஒட்டி வளர்ந்தது. இலைகளில் படியும் சாம்பலை அந்த ஒல்லி மனிதர் தினமும் ஈரத்துணியால் துடைப்பார். மரத்தை உறிஞ்சும் புல்லுருவி என்று, அதிகாரியான நான் பிய்த்தெறியச் சொன்னேன்.

“அது மரத்தாண்ட ஒண்ணும் புடுங்கித் துன்னல சார். சும்மா குந்திகினு கீது. மழத்தண்ணி, காத்துல வர்ற தூசு, அதான் அதுக்குச் சோறு,” என்றார். நான் கேட்கவில்லை.

அது புல்லுருவி அல்ல, மரத்தில் தங்க மட்டும் செய்யும் தொற்றுச்செடி என்று பின்னர் படித்தறிந்தேன். ஓய்வுபெற்ற நாளில் அதே இனச் செடியை வாங்கிவந்து, செழித்து வளரட்டுமென்று வேரைச் சுற்றி எருவும் மண்ணும் வைத்துச் சாக்கால் கிளையில் கட்டினேன்.

அவர் சாக்கை அவிழ்த்து மண்ணை உதறினார். “இன்னா சார், இத்த சோறு போட்டே கொல்லப் பாக்குற?” என்று சிரித்தார். வெறும் வேரை மரப்பட்டையோடு அணைத்து, “கயித்தப் புடி சார்,” என்றார். மன்னிப்புக் கேட்க வந்தவன், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.