குழம்பில் கலக்கும் மருந்து

ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய், மாட்டுத்தாவணி பஸ் நிலைய வாசலில் அவரைப் பார்த்தேன். குடியை நிறுத்தும் பொடி விற்பவர். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் எவர் நெஞ்சிலும் வைத்திராத ஸ்டெதஸ்கோப். யார் வந்தாலும் நோயாளியைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார்; "குழம்புல கலக்கணுமா, ரசத்துலயா?" என்பதோடு அவருடைய பரிசோதனை முடிந்துவிடும்.

கொட்டாம்பட்டிப் பெண் ஒருத்தி, "வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில குடுத்த மாத்திரைய என்ன செய்ய?" என்றாள்.

"நிப்பாட்டிரு தாயி. ரெண்டும் சேராது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நிப்பாட்டாதம்மா. அவரை மறுபடி டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போ."

"ஒருதடவ வந்தாரு. இனி வரவே மாட்டேங்குறாருண்ணே."

பொடி விற்பவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா சார்? வர்றவனுக்கு டாக்டரு. வராதவனுக்கு நான்."

அவள் பொட்டலத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவ்வளவு கேவலமான ஆளிடம் பதில் இருந்ததையும், என்னிடம் இல்லாமல் போனதையும் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.