பெட்டியில் சிவப்புப் புள்ளி

புரட்டாசி முதல் சனிக்கிழமை மாலை, கிள்ளானில் எங்கள் கோயில் மண்டபத்தில் என் குரல் உடைந்தது. முதல் பாட்டு, அனுபல்லவி, இரண்டாவது வரி. டைரியில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். மேல் சுரத்துக்கு வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

எங்கள் மகளிர் பஜனைக் குழுவில் இருபத்திரண்டு வருடங்களாக முதல் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் நான். ஹார்மோனியம் வாசிக்கும் அக்கா சட்டென்று பெட்டியின் சத்தத்தைக் கூட்டி என்னை மூடி மறைத்தார். மேருவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இயந்திரங்களுக்கு நடுவே முப்பது வருடம் கத்திப் பழகியதால், எதையும் சத்தத்தால் சமாளித்துவிடலாம் என்று நம்புகிறவர்.

பிரசாதம் வாங்கும்போது காதருகே வந்து, "கவலப்படாதம்மா. அடுத்த வாரம் இன்னும் சத்தமா வாசிக்கிறேன் லா" என்றார்.

அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் எழுதினேன்: "இன்னொரு முறை உடைந்தால் முதல் பாட்டை நானே விட்டுவிட வேண்டும். பிறர் சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது."

எழுதிய கையோடு சிகிச்சையைத் தொடங்கினேன். நான்கு நாள் குரலுக்கு ஓய்வு, அதாவது கிசுகிசுப்பாக மட்டும் பேசுவது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மிளகு போட்ட வெந்நீர். தொண்டையைக் கனைத்துச் சுத்தம் செய்தபோதெல்லாம் நோட்டில் ஒரு கோடு. திங்கட்கிழமை மதியத்துக்குள் நாற்பத்தொரு கோடு.

என் கணவர் மூன்றாம் நாள் பொறுமை இழந்தார். "உப்பு எங்கேன்னு கேட்டா ரகசியமா சொல்றியே. பக்கத்து வீட்டு அங்கிள் நம்மள என்னமோன்னு நினைக்கப் போறாரு லா."

நான்கு நாள் கழித்துக் குரல் முன்பைவிட மோசமாக இருந்தது. தொண்டை மருத்துவர் கேமரா வைத்துப் பார்த்தார். கட்டி எதுவும் இல்லை, களைத்துப் போன வீக்கம்தான், தண்ணீர் நிறையக் குடியுங்கள், பாடும் முறையை யாரிடமாவது காட்டுங்கள் என்றார். இரண்டாம் சனிக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று குழுவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, காலை கொமுட்டர் ரயில் பிடித்து கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மாடியில் ஓர் அறை. விசாரித்துப் பிடித்த பாட்டு டீச்சர் மதுரையிலிருந்து வேலை விசாவில் வந்தவர். என் மூத்த மகளைவிட இளையவர். கீழே கோழி வறுக்கும் வாசனை வர, நான் நோட்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்தார்.

"இந்தக் கோடெல்லாம் என்னம்மா?"

"கனைச்சது. தொண்டை சுத்தமாகட்டும்னு."

"ஒவ்வொரு தடவையும் குரல்நாண் ரெண்டும் படார்னு மோதிக்குதும்மா. நாற்பத்தொரு அடி அடிச்சிருக்கீங்க. இனிமே கனைக்கணும்னு தோணினா ஒரு வாய் தண்ணி குடிங்க. கிசுகிசுப்பும் வேண்டாம், அது தொண்டையை இன்னும் இறுக்கும். ஒண்ணு மெதுவா பேசுங்க, இல்ல பேசாம இருங்க."

பிறகு ஒரு டம்ளரில் இரண்டு விரல் உயரத் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ரா ஒன்றைக் கொடுத்து, அதற்குள் 'ஊ' என்று இழுக்கச் சொன்னார். குமிழிகள் வந்தன. குமிழி ஒரே சீராக வந்தால் மூச்சும் சீராக வருகிறது என்று பொருளாம். ஐம்பத்திரண்டு வயதில் தண்ணீரில் குமிழி விட்டுக்கொண்டு நான் அவ்வளவு சந்தோஷமாக இருப்பேன் என்று நினைத்ததில்லை.

"இப்ப போன்ல 'ம்' கொட்டுற மாதிரி ஒரு 'ம்' சொல்லுங்க." சொன்னேன். பெட்டியில் கட்டைகளைத் தட்டிப் பார்த்தார். "எந்தக் கட்டையில பாடுறீங்க?"

"அஞ்சரை."

"யார் சொன்னது?"

"பெட்டியிலேயே புள்ளி இருக்கு. சிவப்பு நகப்பூச்சு."

"யார் வச்சது?"

வைத்தது நான். வாசிப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்த காலத்தில், ஆளுக்கொரு கட்டையில் தொடங்கி ஒரே குழப்பமாக இருந்தது. புள்ளி வைத்த அன்று இரவு எழுதிய வரிகூட டைரியில் இருக்கிறது: "ஐந்தரைக் கட்டையில் புள்ளி வைத்தாயிற்று. இனி யாரும் தேட வேண்டாம்." அப்போது எனக்கு முப்பது.

"உங்க குரல் இப்ப நாலரையில நிம்மதியா இருக்கும்மா" என்றார் டீச்சர்.

"வயசாயிடுச்சுன்னு சொல்றீங்களா?"

"சுருதி இறங்கியிருக்குன்னு சொல்றேன். மூக்குக் கண்ணாடி பவர் மாத்தினப்போ வெட்கப்பட்டீங்களா?"

வெட்கப்பட்டேன். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு வாரம் காலையும் மாலையும் பத்து நிமிடம் குமிழி. கணவர் கடையில் தே ஐஸ், அதாவது ஐஸ் போட்ட டீ, பொட்டலமாக வாங்கும்போதெல்லாம் எனக்கென்று கூடுதலாக ஒரு ஸ்ட்ரா கேட்டு வாங்கி வந்தார். கோடுகள் நாளுக்கு ஆறாகக் குறைந்தன.

மூன்றாம் சனிக்கிழமை அரை மணி முன்னதாகவே மண்டபத்துக்குப் போனேன். அக்கா பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன வாரம் ரயிலில் திரும்பும்போது யோசித்து வைத்த முன்னுரையெல்லாம் மறந்து போனது.

"அக்கா, இன்னிக்கு நாலரையில வாசிக்கிறீங்களா? எனக்கு மேல எட்டல."

கையில் துணியோடு என்னைப் பார்த்தார். "அப்பாடா. நீ சொல்லுவ, சொல்லுவன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். மூணு வருஷமா நான் வாய மட்டும்தான் அசைக்கிறேன் லா."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ புள்ளி வச்சிருக்கிறப்போ யாரு கேப்பா?"

அன்று அனுபல்லவியின் இரண்டாவது வரி வந்தது. வாயைத் திறந்தேன். சுரம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதைவிட, பின்னால் எழுந்த சத்தம்தான் என்னைத் திகைக்க வைத்தது. பதினான்கு பெண்கள் முழுத் தொண்டையில் பாடினார்கள். இத்தனை நாளும் அவர்கள் பலமாகக் கை தட்டியதைப் பக்தி என்று நினைத்திருந்தேன். மேல் சுரம் வரும் வரியில் தட்டல்தான் வந்திருக்கிறது, குரல் வரவில்லை.

எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. குழுவில் ஆக இளையவள், இருபத்தாறு வயது, பக்கத்தில் வந்து, "ஆன்டி, இன்னிக்கு என்ன பாட்டு கொஞ்சம் குள்ளமா இருக்கு?" என்று கேட்டாள்.

"ரெண்டாவது பாட்டு இனிமே நீ எடு. உன் கட்டையில எடு" என்றேன்.

பிறகு கைப்பையிலிருந்து நகப்பூச்சு அழிப்பானை எடுத்து ஐந்தரைக் கட்டையைத் துடைத்தேன். மூன்று பஞ்சு தேவைப்பட்டது. அக்கா சிவப்புக் குப்பியைத் தேடி என் பைக்குள் எட்டிப் பார்த்தார். நான் கொண்டு போயிருந்தது ஒட்டுத்தாள். சிறிதாக வெட்டி நாலரைமேல் ஒட்டினேன். நகத்தால் கிள்ளினால் வந்துவிடும். ஒட்டிய பின் ஒருமுறை கிள்ளியும் பார்த்துக்கொண்டேன்.