இருபத்தாறாம் திகதி மழை

மட்டக்களப்பில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். அப்படிக் கோணாமலை இலட்சுமிப்பிள்ளையின் வீட்டுக்கு வந்தபோது கொண்டுவந்தது ஒரு சைக்கிள், ஒரு துணிப்பை, ஒரு மழைமானி. சைக்கிளும் பையும் சரி, மழைமானியோடு வந்த மாப்பிள்ளையை ஊர் அதுவரை கண்டதில்லை. வானிலைக் கந்தோருக்காக நாளாந்தம் மழை அளந்து எழுதிக் கொடுப்பவர் அவர். கந்தோருக்கு மனுப் போட்டு, அனுமதி எடுத்து, கல்லடிக்குத் தெற்கே கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடந்த அவளுடைய மணல் வளவில் அதை நட்டார். நட்ட கையோடு, மழையை மறைக்கிறது என்று நன்றாய்க் காய்க்கும் தென்னை ஒன்றையும் தறித்துப் போட்டார். அவள் ஒரு மாதம் மூஞ்சியை நீட்டிக்கொண்டு திரிந்தாள். யாருக்குத்தான் வயிறு எரியாது?

மழைமானி என்றதும் ஏதோ பெரிய யந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். மேலே ஒரு புனல், கீழே ஒரு போத்தல், அளப்பதற்குக் கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குவளை, அவ்வளவுதான். காலை எட்டரைக்குப் போத்தல் தண்ணீரைக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லிமீற்றர் என்று பார்த்து மழைப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஈரக் கையோடு புத்தகத்தைத் தொட அவருக்கு மனம் வராது. அதனால் அவர் அங்கிருந்தே எண்ணைக் கூவுவார், அவள் குசினியில் இருந்து அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் புத்தகத்தில் எழுதுவாள். அவள் திருப்பிச் சொல்லும்வரை குவளைத் தண்ணீரைக் கொட்டமாட்டார். ஒருநாள் பால் பொங்குகிறதென்று அவள் அடுப்படியில் நின்றுவிட, மனுசன் பத்து நிமிடம் குவளையும் கையுமாக வெயிலில் நின்றார். கொட்டிய மழையைத் திருப்பி அளக்கமுடியாது என்பது அவர் நியாயம்.

மெல்ல மெல்ல அவளுக்கும் மாதங்கள் எண்களாகவே தெரியத் தொடங்கின. ஆனி ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும். புத்தகம் முழுக்கப் பூச்சியம். ஐப்பசியில் இடியோடு தொடங்கும். கார்த்திகை மார்கழியில் போத்தல் நிரம்பி வெளித் தகரத்துக்குள்ளும் வழிந்து கிடக்கும், குவளை குவளையாக எண்ணி ஊற்ற வேண்டும். அந்த இரண்டு மாதத்து மழையே வருடத்தில் பாதி. பெய்யாத நாளுக்குப் பூச்சியம், ஒருவரும் பார்க்காத நாளுக்குக் கோடு என்று அவர் சொல்லிக் கொடுத்தார். இரண்டையும் மாற்றி எழுதினால் அது பொய்க் கணக்கு. ஷெல் விழுந்த நாளிலும் ஊரடங்கு நாளிலும் குனிந்து குனிந்து போய் அளந்தவர் அவர். பதினேழு வருடத்தில் அவர் புத்தகத்தில் ஒரு கோடு கிடையாது.

அந்தப் பெருமைக்கு அவள் கொடுத்த விலை என்னவென்றால், பதினேழு வருடத்தில் இருவரும் சேர்ந்து ஓரிரவு வெளியூரில் தங்கியதில்லை. பிள்ளை குட்டியும் இல்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் மாங்கேணியில் ஒரு தங்கச்சி. அந்தத் தங்கச்சி மகள் பெரியவளான சாமத்தியச் சடங்கு இரண்டாயிரத்து நான்கு மார்கழி இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. சோதனைச் சாவடியெல்லாம் தாண்டிப் போனால் அன்றே திரும்ப முடியாது. இந்த முறை வருகிறேன் என்று தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் பண்ணியவர், அன்று காலை, மழைக்காலமாச்சே, நீ மட்டும் போயிட்டு வாவன் என்றார்.

அவளுக்கு வந்ததே கோபம். எழுதட்டும், எதில் எழுதுகிறார் பார்ப்போம் என்று மழைப் புத்தகத்தைத் தூக்கித் தன் பைக்குள் வைத்தாள். எட்டரைக்கு அவர் கூவினார்.

“நாலு தசம் ரெண்டு!”

அவள் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு தரம் கூவினார். வாவிப் பக்கத்துப் படலையால் இறங்கி, திரும்பிப் பாராமல் பஸ்ஸுக்கு நடந்தாள். பஸ் கல்லடிப் பாலம் தாண்டி நகரத்துக்குள் நின்றபோதுதான், கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று சனம் ஓடி வந்தது. கோணாமலை மூன்றாம் நாள் கிடைத்தார். வீடும் மழைமானியும் கிடைக்கவில்லை.

தான் பதில் சொல்லாததால்தான் மனுசன் குவளையும் கையுமாக அங்கேயே நின்றார் என்று அவள் நினைத்தாள். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் தண்ணீரைக் கொட்டிவிட்டு எங்கேயாவது போயிருப்பார். இதை அவள் தங்கச்சியிடம்கூடச் சொல்லவில்லை. வாவிக்கு அக்கரையில் கிடைத்த வீட்டுத்திட்ட வீட்டில் ஐந்து வருடம் இந்த நினைப்போடுதான் சோறு தின்றாள்.

சண்டை முடிந்த வருடம், கார்த்திகையில், வானிலைக் கந்தோரில் இருந்து ஒரு உத்தியோகத்தர் அவளைத் தேடி வந்தார். கடல் கொண்டுபோன இடத்துக் கணக்குகளை மீட்டுச் சரிசெய்கிறார்களாம். அவள் பெட்டிக்குள் இருந்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அந்த மனுசன் பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்து மகிழ்ந்து போனார். மார்கழிப் பக்கம் இருபத்தைந்தோடு நின்றது. மிச்ச ஆறு நாளுக்கும் கோடு போட்டுவிட்டால் மாதம் முடிந்தது என்று பேனையைத் திறந்தார். அவள் சட்டென்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு, வருகிற கிழமை தருகிறேன் என்று அனுப்பிவிட்டாள்.

இருபத்தாறுக்குக் கோடு போட்டால் ஒருவரும் பார்க்கவில்லை என்று ஆகும். அவர் பார்த்தார், இரண்டு தரம் கூவினார். எண்ணை எழுதினாலோ, எனக்குக் கேட்டது, கேட்டும் பேசாமல் போனேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது போலாகும். ஒரு கிழமையாகப் புத்தகத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அந்தக் கிழமைதான் மஜீட் வந்தார். காத்தான்குடிக்காரர், அண்ணன் முறையில் அவள் ‘நானா’ என்று கூப்பிடுபவர், முன்பு பழைய ஊரில் சைக்கிளில் புடவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து விற்றவர். கடலுக்குப் பிறகு கட்டாருக்குப் போய், இப்போதுதான் திரும்பி, மோட்டார் சைக்கிளில் பழைய வாடிக்கைகளைத் தேடித் திரிந்தார். தேத்தண்ணி குடித்தபடி கோணாமலையைப் பற்றிப் பேச்செடுத்தார். கடைசியாக அவரோடு கதைத்தது தான்தான் என்றார்.

“அண்டைக்கு நீங்க வந்தீங்களா, நானா?”

“நீங்க அங்கால போக நான் இஞ்சால வந்தன், தங்கச்சி. குவளைத் தண்ணியைக் கொட்டிப்போட்டு வேலியடிக்கு வந்தார். அவ பதில் சொல்லாமக் கொட்டமாட்டீங்களே எண்டு நான் பகிடிக்குக் கேட்டன்.”

“கொட்டிட்டாரா? உங்கட கண்ணால பார்த்தீங்களா?”

“பார்த்தன். ‘அவவுக்குக் கேட்டிட்டுது, மஜீட். கேக்காட்டி என்னெண்டு திருப்பிக் கேட்டிருப்பா. கேட்டபடியாத்தான் மூச்சுக் காட்டல்ல’ எண்டு சிரிச்சார்.”

மஜீட் தொடர்ந்தார். அடுத்த பஸ்ஸில் நானும் மாங்கேணிக்குப் போகிறேன், சடங்குப் பிள்ளைக்கு ஒரு சீலை எடு என்று கோணாமலை பொட்டலத்தைக் கிளறிக்கொண்டு இருந்தாராம். அதற்குள் கடற்கரையில் கூக்குரல். தோணிகளைக் கடல் தூக்கிக்கொண்டு வருகிறது என்று யாரோ கத்த, அவர் பார்க்க ஓடினார். சைக்கிளை விட்டுவிட்டு வாவிப் பக்கம் ஓடியதால் மஜீட் தப்பினார்.

“போனா ராவைக்குத் திரும்ப ஏலாதே, நாளைக்குப் புத்தகத்தில கோடு விழுமே எண்டும் கேட்டன்.”

“அதுக்கு என்ன சொன்னார்?”

“விழட்டும் எண்டார். பதினேழு வருசமா அவ கேட்டது அது ஒண்டுதான் எண்டார்.”

மஜீட் போன பிறகு அவள் புத்தகத்தை எடுத்தாள். இருபத்தாறுக்கு நேரே நாலு தசம் இரண்டு என்று எழுதினாள். அடுத்தது இருபத்தேழு. அந்தக் கட்டத்தில் பேனையை வைத்தவளுக்குக் கோட்டை இழுக்க முடியவில்லை. இந்த ஒரு நாளை அவர் அவளுக்கென்று விட்டிருந்தார். அக்கம்பக்கத்தார் என்னமோ ஏதோ என்று ஓடி வரும் அளவுக்கு, ஐந்து வருடத்து அழுகையையும் சேர்த்து, அவள் வாய்விட்டு அழுதாள்.